பொரித்த மீனும் தேசிய மரபும்

ஹல் நகரத்துக்கு நான் போனது ஃபிலிப் லார்கினுக்காக. 1982 குளிர்காலம். லார்கின் அப்போது அங்கே பல்கலைக்கழக நூலகராக இருந்தார். நூலகத்தின் வாசல் வரை போனேன். உள்ளே போய் அவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்டிருந்தாலும் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது என்பது அவருடைய சுபாவத்தைப் பற்றிப் பின்னால் படித்தபோது தெரிந்தது. ஆக, அந்த ஊரில் கவிஞர் எனக்குக் கிடைக்கவில்லை. மீன் கிடைத்தது.

ஹெஸ்ஸில் ரோடு அவ்வூர் மீன்பிடிக் குடும்பங்களின் தெரு. அதை ஒட்டிய சந்து ஒன்றில் ஒரு வயதான அம்மாள் வீட்டில் அறை எடுத்திருந்தேன். முதல் நாள் மாலை, அடுப்பு மூட்ட அலுப்பாக இருக்கிறது என்று சொல்லி என்னைத் தெருமுனைக் கடைக்கு அனுப்பினார். ஆறேழு பேர் வரிசையில் நின்றார்கள். முள் நீக்கிய ஒரு சாண் நீள மீன் துண்டை, பஜ்ஜி மாவைவிடச் சற்று நீர்த்த மைதாக் கரைசலில் தோய்த்து, காய்ந்த மாட்டுக் கொழுப்பில் விட்டார் கடைக்காரர். அது உப்பி மேலே வந்தது. பக்கத்துத் தொட்டியில் விரல் பருமனுக்கு நறுக்கிய உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அங்கே சிப்ஸ் என்றால் இதுதான். நாம் சிப்ஸ் என்று சொல்லும் மெல்லிய வறுவலுக்கு அவர்களிடம் வேறு பெயர். உப்புத் தூவி, வினிகரைத் தாராளமாகத் தெளித்து, வெள்ளைத் தாளில் வைத்து, மேலே பழைய செய்தித்தாளைச் சுற்றிக் கொடுத்தார்கள்.

சாப்பிடும்போது அந்த அம்மாள் சொன்னார்: இதுதான் அசல் இங்கிலீஷ், இதில் வேறு எவனுக்கும் பங்கில்லை என்று. அவர் பெருமைக்காகச் சொல்லவில்லை. வானிலையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். அந்த 'அசல்' என்ற வார்த்தை என் மனதில் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு இந்த உணவின் சரித்திரம் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்துவந்திருக்கிறேன்.

நம் சிறு பத்திரிகைகளில் மரபு என்ற சொல்லை வைத்து நாம் போட்ட சண்டைகள் கொஞ்சமல்ல. யாருடைய மரபு, யார் வாரிசு, யார் வெளியாள் என்று. இலக்கியத்தில் இதற்குப் பதில் சொல்வது சிரமம். ஆளுக்கொரு சங்கப் பாடலைக் கையில் வைத்திருக்கிறோம். பொரித்த மீன் விஷயத்தில் பதில் கொஞ்சம் வெளிப்படையாகத் தெரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் மீன். இங்கிலாந்திலிருந்து யூதர்கள் 1290-ல் வெளியேற்றப்பட்டார்கள். மறுபடி அங்கே வெளிப்படையாக வாழ வழி பிறந்தது 1656-ல், கிராம்வெல் ஆட்சியில். அப்படி வந்தவர்களில் முக்கியமானவர்கள் ஸ்பெயின், போர்ச்சுகல் வழி வந்த யூதர்கள். ஸ்பெயின் 1492-ல் அவர்களைத் துரத்தியது. அதற்குச் சில ஆண்டுகளில் போர்ச்சுகல் அவர்களைக் கட்டாயமாக மதம் மாற்றியது. மேலுக்குக் கிறிஸ்தவர்களாகவும் வீட்டுக்குள் யூதர்களாகவும் சில தலைமுறைகள் வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்கள் கொண்டுவந்த பழக்கங்களில் ஒன்று, மீனை மாவிலும் முட்டையிலும் தோய்த்து எண்ணெயில் பொரிப்பது. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள்; அடுப்பு மூட்டக்கூடாது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பொரித்து வைத்தால் மறுநாள் ஆறியதையே சாப்பிடலாம். எண்ணெயில் பொரித்த மீன் ஆறினாலும் ருசி கெடாது. கொழுப்பில் பொரித்தால் ஆறியதும் உறைந்து வாயில் ஒட்டும். எண்ணெய் என்பது இங்கே ஒரு மத நியமத்தின் நடைமுறைத் தீர்வு.

18-ஆம் நூற்றாண்டில் ஹன்னா கிளாஸ் எழுதிய சமையல் புத்தகம் இங்கிலாந்தின் வீடுகளில் பெரிதும் புழங்கியது. அந்நூற்றாண்டில் வந்த அதன் பதிப்புகளில் மீனைப் பொரித்துப் பதப்படுத்தும் முறை ஒன்று, யூதர்களின் முறை என்ற பெயரோடே இருக்கிறது. 1846-ல் வெளிவந்த, ஜூடித் மாண்டிஃபியோர் சீமாட்டி தயாரித்த யூதச் சமையல் கையேட்டிலும் பொரித்த மீன் உண்டு. அலெக்ஸிஸ் சோயர் பெரிய கிளப்புகளில் சமைத்துப் பெயர் வாங்கிய பிரெஞ்சுக்காரர். 1850களில் ஏழைகளுக்காக ஒரு ஷில்லிங் விலையில் அவர் போட்ட புத்தகத்திலும் இதை யூதர்களின் பாணி என்றே குறிப்பிடுகிறார். ஆக, ஏறத்தாழ நூறு வருஷம் இந்த மீனுக்குப் பெயரே யூத மீன்தான். யாரும் அதை மறைக்கவில்லை.

டிக்கன்ஸின் ஆலிவர் ட்விஸ்ட் 1837-லிருந்து தொடர்கதையாக வந்தது. திருட்டுக் கைக்குட்டைகள் விற்கும் ஒரு லண்டன் சந்தை வர்ணிக்கும்போது அங்கே பொரித்த மீன் விற்கும் இடம் ஒன்று இருந்ததாகப் போகிற போக்கில் சொல்கிறார். அதே நாவலில் யூதன்தான் வில்லன். மீனைச் சாப்பிட ஆட்சேபம் இல்லாத ஊர், மீனைக் கொண்டுவந்தவனை என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது. இந்தக் கதையில் இது திரும்பத் திரும்ப வரப்போகிறது.

1850-ஐ ஒட்டி லண்டன் ஏழைகளின் தொழில்களை ஒவ்வொன்றாக விசாரித்து எழுதிய ஹென்றி மேஹ்யூ, பொரித்த மீன் விற்பவர்கள் ஏறக்குறைய 300 பேர் இருப்பதாகக் கணக்குச் சொல்கிறார். மார்க்கெட்டில் விலை போகாமல் மிஞ்சிய மீனை வாங்கி, வாசனை காரணமாக யாரும் குடிவராத பின்சந்து அறைகளில் வைத்துப் பொரித்து, தட்டில் அடுக்கி, மதுக்கடை மதுக்கடையாகப் போய் ஒரு துண்டு ரொட்டியோடு விற்றார்கள். உருளைக்கிழங்கு இன்னும் வந்து சேரவில்லை.

உருளைக்கிழங்கு வேறு திசையிலிருந்து வந்தது. ஆண்டிஸ் மலைச் செடி அது. 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்து, மக்களால் நெடுநாள் சந்தேகிக்கப்பட்டு, பிறகு ஏழைகளின் வயிற்றை நிரப்பும் பொருளாயிற்று. அதை நறுக்கிப் பொரித்தது பிரெஞ்சுக்காரர்களா பெல்ஜியர்களா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. இரண்டு நகரங்களின் கதை 1859-ல் வந்தபோது டிக்கன்ஸ் பாரீஸின் பசியைக் காட்ட எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்குச் சில்லுகளை எழுதுகிறார். வட இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலை ஊர்களில் சிப்ஸ் விற்கும் சாவடிகள் ஏறத்தாழ அதே காலத்தில் தோன்றின. ஓல்டாம் நகரம் அது தன் சந்தையில்தான் பிறந்தது என்கிறது. ஸ்காட்லாந்தின் டண்டீ, தங்கள் ஊருக்கு வந்த ஒரு பெல்ஜியன் கொண்டுவந்தது என்கிறது.

மீனையும் கிழங்கையும் ஒரே பொட்டலத்தில் சேர்த்தது யார்? லண்டன் கிழக்குப் பகுதியில் ஜோசப் மாலின் என்ற யூதர், 1860-ஐ ஒட்டி என்று ஒரு கட்சி. லங்காஷயரில் மாஸ்லி என்ற ஊர்ச் சந்தையில் மரக்கொட்டகை போட்டிருந்த ஜான் லீஸ், 1863-ஐ ஒட்டி என்று இன்னொரு கட்சி. தெற்கும் வடக்கும் இதற்காகச் சண்டை போடுகின்றன. எனக்கு இந்தச் சண்டையில் அக்கறை இல்லை. ஒரே தெருவில் ஒருவன் மீனும் ஒருவன் கிழங்கும் பொரித்துக்கொண்டிருந்தால், பசியோடு வருகிறவன் இரண்டையும் சேர்த்துத்தான் வாங்குவான். சேர்த்தது வாங்கியவன். அவனுக்குப் பெயர் கிடையாது. பெயர் இல்லாதவனுக்கு நினைவுப் பலகை வைக்க முடியாது என்பதால்தான் கடைக்காரனைத் தேடுகிறோம்.

ஆனால் ஒரு லண்டன் சந்துத் தின்பண்டம் தேசம் முழுவதற்கும் உணவாவதற்கு ருசி மட்டும் போதாது. இரும்பு வேண்டும். 1840களில் ஹல் நகரத்துக்கும், 1848-ல் கிரிம்ஸ்பிக்கும் ரயில் வந்தது. ஐஸில் வைத்த கடல்மீன் ஓரிரவில் உள்நாட்டு ஆலை நகரங்களுக்குப் போயிற்று. 1881-82-ல் கிரிம்ஸ்பியிலிருந்து நீராவி ட்ராலர்கள் புறப்பட்டன. காற்றை நம்பியிருந்த பாய்மரப் படகு போய், கடலடியை வலையால் வாரி இழுக்கும் நீராவிக் கப்பல் வந்தது. வடகடல் போதாமல் ஐஸ்லாந்து வரைக்கும், அதற்கப்பாலும் போனார்கள். காட், ஹாடாக் மீன்கள் மலைபோல் வந்து இறங்கின. பருத்திக்கொட்டை எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. யார்க்‌ஷயர் போன்ற இடங்களில் மாட்டுக் கொழுப்பு. 1910 வாக்கில் பிரிட்டனில் சுமார் 25,000 கடைகள். 1920களின் இறுதியில் சுமார் 35,000. இவற்றில் பெரும்பாலானவை கடை என்றே சொல்ல முடியாதவை. வீட்டின் முன்னறையில் ஒரு பொரிக்கும் அடுப்பு. கணவன் ஆலைக்கோ சுரங்கத்துக்கோ போவான். மனைவி எண்ணெயின் முன் நிற்பாள். குழந்தைகள் கிழங்கு தோல் சீவும்.

ஜான் வால்டன் என்ற சரித்திர ஆசிரியர் 1992-ல் இந்த உணவையும் பிரிட்டிஷ் தொழிலாளி வர்க்கத்தையும் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அதைப் படித்த பிறகுதான் இந்த உணவின் மேல் எவ்வளவு வெறுப்பு கொட்டப்பட்டது என்று எனக்குத் தெரிந்தது. லங்காஷயர் ஆலைகளில் கல்யாணமான பெண்கள் வேலை பார்த்தார்கள். பத்து மணி நேரம் தறியின் முன் நின்றுவிட்டு வருகிறவள் ஒரு பென்னிக்கு மீனும் அரைப் பென்னிக்குக் கிழங்கும் வாங்கினால், குடும்பம் சுடச்சுடச் சாப்பிட்டது. மருத்துவர்களும் தர்மசிந்தனையாளர்களும் இதைப் பார்த்து, இவள் சோம்பேறி, சமைக்கத் தெரியாதவள், காசை வீணடிப்பவள், பிள்ளைகளின் ஜீரணத்தைக் கெடுப்பவள் என்றார்கள். மீன் பொரிக்கும் தொழில் 1907-லிருந்து பொதுச் சுகாதாரச் சட்டங்களின்படி அருவருப்பான தொழில்களின் வரிசையில் வந்தது. அதே வரிசையில் இருந்தவை இரத்தம் காய்ச்சுவது, எலும்பு வேகவைப்பது, கொழுப்பு உருக்குவது. நாறும் தொழில் என்று சட்டமே முத்திரை குத்தியது. அந்த முத்திரை எடுக்கப்பட்டது 1940-ல்.

இந்த வருஷத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இடையில் ஆர்வெல். 1937-ல் வெளிவந்த விகன் பியர் புத்தகத்தில், வேலையில்லாத் தொழிலாளிகளைப் புரட்சிக்குப் போகாமல் தடுத்து நிறுத்திய மலிவான சுகங்களின் பட்டியலில் மீனையும் சிப்ஸையும் முதலில் வைக்கிறார். சினிமா, ரேடியோ, மலிவு சாக்லேட், கால்பந்துப் பந்தயச் சீட்டு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கூர்மையான பார்வைதான். அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுவதும் அதனால்தான். ஆனால் அது சாப்பிடுகிறவனைப் பார்த்த பார்வை மட்டுமே. நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தவழ்ந்து போய், அங்கே மனிதன் படும் பாட்டை எழுதியவர் ஆர்வெல். நிலக்கரிக்கு அவர் கேட்ட கேள்வியை மீனுக்குக் கேட்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்தவன் புரட்சியை மறந்தான் என்பது சரி. அந்தப் பொட்டலத்துக்குப் பின்னால் யார், எங்கே, என்ன விலை கொடுத்தார்கள்?

அடுப்பின் முன் நின்றவர்களிலிருந்து தொடங்கலாம். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் இந்தத் தொழில் பெருமளவு இத்தாலியர் கைக்குப் போயிற்று. டஸ்கனியின் பார்கா, ரோமுக்குத் தெற்கே மலையிலுள்ள காசலாட்டிகோ போன்ற சிற்றூர்களிலிருந்து பிழைக்க வந்த விவசாயிகள். கோடையில் ஐஸ்கிரீம், குளிர்காலத்தில் மீன். டப்ளினில் இன்றும் மீனும் சிப்ஸும் வாங்குகிறவர் 'ஒன் அண்ட் ஒன்' என்று கேட்பதுண்டு. ஆங்கிலம் தெரியாத ஒரு இத்தாலியக் கடைக்காரி, இதில் ஒன்றா, அதில் ஒன்றா என்று விரலால் காட்டித் தன் மொழியில் கேட்டதிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். கதையாக இருக்கலாம். ஆனால் ஒரு நகரத்தின் பேச்சுமொழி தன் விருந்தாளியை இப்படி நினைவில் வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

1940 ஜூன் 10-ஆம் தேதி முசோலினி பிரிட்டன் மேல் யுத்தப் பிரகடனம் செய்தான். அன்றிரவே எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் வேறு நகரங்களிலும் கும்பல்கள் இத்தாலியக் கடைகளின் கண்ணாடிகளை உடைத்தன. உடைத்தவர்கள் பலர் முந்தின வாரம் வரை அதே கடைகளில் வாங்கித் தின்றவர்கள். அரசாங்கம் இத்தாலிய ஆண்களைப் பிடித்து முகாம்களில் அடைத்தது. பத்து, இருபது வருஷம் அந்தத் தெருவில் வாழ்ந்தவர்கள், மகன்கள் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர்கள், யாரும் விலக்கல்ல. ஜூலை 1-ஆம் தேதி அரண்டோரா ஸ்டார் என்ற கப்பல் இவர்களையும் ஜெர்மானியக் கைதிகளையும் ஏற்றிக்கொண்டு லிவர்பூலிலிருந்து கனடாவுக்குப் புறப்பட்டது. தளத்தைச் சுற்றி முள்கம்பி. மறுநாள் காலை அயர்லாந்துக்கு வடமேற்கே ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று அதை டார்ப்பிடோ போட்டு மூழ்கடித்தது. செத்தவர்கள் 800-க்கும் மேல். அவர்களில் 440-க்கும் அதிகமானோர் இத்தாலியர். ஐஸ்கிரீம் விற்றவர்கள், காப்பிக்கடை வைத்திருந்தவர்கள், மீன் பொரித்தவர்கள். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூதர்களும் அந்தக் கப்பலில் இருந்தார்கள். உடல்கள் வாரக்கணக்கில் அயர்லாந்துக் கரைகளிலும் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளிலும் ஒதுங்கின.

அதே 1940-ல்தான் உணவு மந்திரியாக வந்த லார்ட் ஊல்டனின் இலாகா, மீனையும் சிப்ஸையும் ஜனங்களின் மனத்தெம்புக்கு அவசியம் என்று கண்டது. யுத்தம் முடியும்வரை அதற்கு ரேஷன் இல்லை. மாமிசம், வெண்ணெய், சர்க்கரை, தேயிலை எல்லாம் அட்டைக்கு அளந்து கொடுத்தபோது, வரிசையில் நிற்கப் பொறுமை இருந்தவனுக்கு இது கிடைத்தது. ட்ராலர்களைக் கடற்படை கண்ணிவெடி வாரும் வேலைக்கு எடுத்துக்கொண்டதால் மீனுக்குப் பஞ்சம்தான், விலையும் ஏறிற்று. ஆனாலும் அடுப்பு அணையவில்லை. நகரங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்காகப் பொரிக்கும் வண்டிகளை ஊர் ஊராக அனுப்பினார்கள். 33 வருஷம் அருவருப்பான தொழிலாக இருந்தது, ஒரே வருஷத்தில் தேசத்தின் உயிர்நாடி.

தொழிலுக்குக் கௌரவம் வந்ததும் தொழில் செய்தவர்களைக் கடலில் அனுப்பியதும் ஒரே வருஷம், ஒரே அரசாங்கம். இதில் சதி எதுவும் இல்லை. ஒரு இலாகாவுக்கு இன்னொன்று என்ன செய்கிறதென்று தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் தேசிய மரபு என்று ஒன்று உருவாகிற விதம் எனக்கு இந்த இடத்தில்தான் பிடிபட்டது. பண்டத்தைக் கையிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். யூதனின் மீன் என்பதில் யூதன் உதிர வேண்டும். இத்தாலியன் கடை என்பதில் இத்தாலியன் உதிர வேண்டும். உதிர்ந்த பிறகு மிஞ்சுவதற்கு 'அசல்' என்று பெயர். கிளாஸ்கோவின் கத்தோலிக்கத் தேவாலயம் ஒன்றை ஒட்டி அந்தக் கப்பலில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுத் தோட்டம் 2011-ல் திறக்கப்பட்டது. 71 வருஷங்கள்.

இனி கடலில் நின்றவர்கள். நான் தங்கியிருந்த வீட்டு அம்மாள், வீட்டு ஆண்கள் கடலுக்குப் புறப்படும் நாளில் துணி துவைத்ததில்லை. துவைத்தால் அலை அவர்களைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஹெஸ்ஸில் ரோடு பெண்கள் எல்லோருக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. எனக்கு அவர் இதைச் சொன்னபோது அவர் வீட்டில் கடலுக்குப் போக ஆண் யாரும் மிச்சமில்லை. ஆனாலும் எந்தக் கிழமை எந்தக் கப்பல் என்று பழைய கணக்கு அவருக்கு மறக்கவில்லை.

1968 ஜனவரி, பிப்ரவரியில், நான்கு வாரங்களுக்கு உள்ளாக, ஹல் நகரத்தின் மூன்று ட்ராலர்கள் மூழ்கின. செயின்ட் ரொமானஸ், கிங்ஸ்டன் பெரிடாட், ராஸ் கிளீவ்லாண்ட். 58 பேர் செத்தார்கள். ஒரே ஒருவர் தப்பினார். முதல் கப்பலில் ரேடியோ இயக்குவதற்கென்று ஆள் கிடையாது. அது காணாமல் போனதே வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது. ஆர்க்டிக் கடலில் தெறிக்கும் நீர் கம்பிகளிலும் கொடிமரத்திலும் பட்டவுடன் உறைகிறது. கோடாலியால் வெட்டி வெட்டித் தள்ள வேண்டும். வெட்டும் வேகத்தைவிட உறையும் வேகம் அதிகமானால் கப்பல் தலைகனத்துச் சாய்ந்துவிடும். ராஸ் கிளீவ்லாண்ட் ஐஸ்லாந்தின் ஒரு கடற்கழிக்குள் ஒதுங்கியும் அப்படித்தான் சாய்ந்தது. அதன் கேப்டன் ரேடியோவில் கடைசியாகச் சொன்னது, தன்னுடையதும் தன் ஆட்களுடையதுமான அன்பை மனைவிமாருக்கும் குடும்பங்களுக்கும் தெரிவிக்கும்படி.

லிலியன் பிலோக்கா என்ற பெண், மீன் பதனிடும் இடத்தில் தோல் உரிப்பவர், கப்பல் வேலைக்குக் கணவனையும் மகனையும் அனுப்பியவர். அவரும் ஹெஸ்ஸில் ரோடின் வேறு சில பெண்களும் தலையில் முக்காட்டோடு தெருவில் இறங்கினார்கள். ஒவ்வொரு கப்பலிலும் முழுநேர ரேடியோ ஆள் வேண்டும், கூடவே மருத்துவ வசதியுள்ள தாய்க்கப்பல் வேண்டும் என்று கேட்டார்கள். 10,000 கையெழுத்து வாங்கினார்கள். ரேடியோ ஆள் இல்லாமல் புறப்படும் கப்பலில் தானே ஏறிவிடுவதாகத் துறைமுகத்தில் போலீசோடு மல்லுக்கட்டினார் பிலோக்கா. லண்டன் போய் மந்திரிகளைப் பார்த்தார்கள். கேட்டது பெரும்பாலும் கிடைத்தது. பிலோக்காவுக்குக் கிடைத்தது வேலைநீக்கமும் மிரட்டல் கடிதங்களும். மீன் தொழிலில் அவருக்கு மறுபடி வேலை இல்லை. 1988-ல் இறந்தார்.

அதே 1968-ல் மீன் பொரிப்பவர்களின் தேசியச் சம்மேளனம், 1913-ல் ஏற்பட்ட ஸ்தாபனம், லண்டன் மாலின் கடைக்கு முதல் கடை என்று ஒரு நினைவுப் பலகை வழங்கியது. தப்பில்லை. மரியாதை காட்டும் விஷயம்தான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. மரபின் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்துச் சட்டம் போட்ட அதே வருஷம், மரபுக்கு மீன் பிடித்தவர்கள் ஐஸில் உறைந்து கவிழ்ந்திருக்கிறார்கள். ஆரம்பத்தைக் கொண்டாடுவது சுலபம். செத்துப்போன ஒருவருக்குச் செய்யும் மரியாதையில் செலவு கிடையாது.

அதற்குப் பிறகு நடந்தது விரைவாக நடந்தது. ஐஸ்லாந்து தன் கடல் எல்லையை 1958-ல் 12 மைல் என்றும், 1972-ல் 50 மைல் என்றும், 1975-ல் 200 மைல் என்றும் நீட்டியது. ஒவ்வொரு தடவையும் பிரிட்டன் போர்க்கப்பலை அனுப்பியது. ஐஸ்லாந்தின் காவல் படகுகள் ட்ராலர்களின் வலைக்கம்பிகளை அறுத்துவிட்டன. 1976-ல் பிரிட்டன் விட்டுக்கொடுத்தது. சிறிய நாட்டின் பக்கம் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த நியாயத்துக்கு ஹெஸ்ஸில் ரோடுதான் விலை கொடுத்தது. ஹல் நகரத்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மீன்துறை 1975-ல் மூடப்பட்டது. லார்கினின் ஒரு ரயில் கவிதையில் மீன்துறையின் வாசனை வரும். நான் போனபோது அந்தத் துறையில் வாசனையே இல்லை. சேறும் புல்லும் உடைந்த கண்ணாடியும் இருந்தன. தெருமுனைக் கடையில் மட்டும் வரிசை குறையவில்லை. மீன் வேறு எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது.

இன்று பிரிட்டனில் சுமார் 10,000 கடைகள். காட் மீனில் பெரும்பகுதி ஐஸ்லாந்து, நார்வே, ரஷ்யா பிடிப்பது. 2022-ல் உக்ரைன் யுத்தம் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறிற்று. ரஷ்ய வெள்ளை மீனுக்கு பிரிட்டன் கூடுதல் வரி போட்டது. தேசிய உணவின் விலையைக் கருங்கடலும் பேரண்ட்ஸ் கடலும் நிர்ணயித்தன. அடுப்பின் முன் நிற்பவர்களும் மாறிவிட்டார்கள். யுத்தத்துக்குப் பின் சைப்ரஸ் கிரேக்கர்கள் வந்தார்கள், பிறகு ஹாங்காங் சீனர்கள், பிறகு நம்மவர்கள்.

கடைசியாகச் சொன்னதற்கு நான் சாட்சி. 2024 அக்டோபரில் லண்டனின் ஒரு புறநகரில் உறவினர் வீட்டில் இருந்தேன். ஒரு மாலை மீன் வாங்கப் போன கடையில், எண்ணெயின் முன் நின்றவர் உள்ளே இருந்தவரிடம் கிழங்கு எடுத்துவரச் சொன்னது யாழ்ப்பாணத் தமிழில் இருந்தது. நான் தமிழில் பேசியதும் சிரித்தார். 1980களின் பிற்பகுதியில் வந்தவர். ஒரு சைப்ரஸ்காரரிடம் 12 வருஷம் கிழங்கு வெட்டி, மாவு கரைத்து, கடைசியில் அவரிடமே கடையை வாங்கியிருக்கிறார். மாவு கரைக்கும் பக்குவம் அந்தச் சைப்ரஸ்காரருடையது. அவர் அதை யாரிடம் கற்றார் என்று இவருக்குத் தெரியாது. காட் மீனை நம் ஊர்க் கருவாட்டுக்குக்கூட உதவாது என்று சொல்லிவிட்டு, ஆனால் பொரித்தால் இதைப்போல வராது என்றும் அவரே சொன்னார்.

அந்த ஆகஸ்ட் மாதத்தைப் பற்றிக் கேட்டேன். 2024 ஜூலை இறுதியில் சவுத்போர்ட்டில் குழந்தைகள் கொல்லப்பட்டதையடுத்துப் பொய் வதந்திகள் பரவி, பல நகரங்களில் குடியேறியவர்களுக்கு எதிராகக் கலவரம் நடந்தது. ஆகஸ்ட் 3-ஆம் தேதி ஹல் நகரத்தில் அகதிகள் தங்கியிருந்த ஹோட்டலைத் தாக்கினார்கள், கடைகள் எரிந்தன. அடுத்த புதன்கிழமை லண்டனிலும் கலவரம் வரும் என்று பேச்சு. இவர் மத்தியானமே கடையை அடைத்து, கண்ணாடிக்கு மேல் பலகை அடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் பலகையைக் கழற்றும்போது, தினமும் வாங்குகிற ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்து, நேற்று ஏன் திறக்கவில்லை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கோபித்துக்கொண்டாராம். அவர் நல்ல மனுஷன், அவருக்கு விளங்கவில்லை என்றார் கடைக்காரர். கோபம் இல்லாமல்தான் சொன்னார்.

1940 ஜூன் 10-ஆம் தேதி கண்ணாடி உடைந்த இத்தாலியர்களைப் பற்றி அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. அவருக்குத் தெரியாத எதையும் அதில் நான் சொல்லிவிடப் போவதில்லை.

மரபு இரத்தத்தில் வருவது என்று நம்மிடையே இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். மரபு ஓடிக்கொண்டே இருக்கும் நதி என்று சொல்லி ஆறுதல் அடைகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது கட்சி கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் நதி தானாக ஓடும். எண்ணெய் தானாகக் காயாது. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் அதன் முன் நிற்க வேண்டியிருக்கிறது, அநேகமாக ஊருக்குப் பிடிக்காத ஒருவர். அவரைச் சேர்த்துக்கொள்ளாமல் அவர் செய்ததை மட்டும் மரபு என்று எடுத்துக்கொள்வதற்கு நான் ஒப்பமாட்டேன். மீனில் ஒப்பமாட்டேன் என்றால் கவிதையிலும் ஒப்பமுடியாது.

பொட்டலம் கட்டும்போது அவர் கேட்டார்: "உப்பு, வினாகிரி போடவோ அண்ணை?" வினிகருக்கு அவர்கள் சொல் அது. போடச் சொன்னேன்.